ஒரே கணிப்பொறியில் இரண்டு இயக்க முறைகள்

கிராமப் பள்ளி ஒன்றின் அலுவலக அறையில் ஒரே ஒரு கணிப்பொறி இருப்பதாகக் கொள்வோம். மாணாக்கரின் சேர்க்கைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், உதவித்தொகைக் கணக்கு ஆகிய யாவும் அதில்தான் உள்ளன. அங்குள்ள பழைய ஸ்கேனரும் கணக்கு நிரலும் விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும். மாணாக்கருக்குக் கற்பிக்க வேண்டிய பாடமோ லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. களப்பணியாளருக்கும் இத்தகைய நிலை நேர்வதுண்டு. அளவைக் கருவியிலிருந்து தரவுகளை இறக்கும் நிரல் ஒரு முறையில் இயங்கும். அத்தரவுகளைக் கொண்டு கணக்கிடும் நிரல் மற்றொரு முறையில் இயங்கும். இரண்டாவது கணிப்பொறி வாங்க நிதி இல்லை. ஆயினும், உள்ள ஒன்றிலேயே இரண்டு இயக்க முறைகளையும் தனித்தனி டிரைவ்களில் வைத்துக்கொள்ள இயலும். பதிவேடுகளுக்குச் சேதமின்றி அதனைச் செய்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு முறைகள் தேவைப்படுவது ஏன்?

ஆப்பரேட்டிங் சிஸ்டம் என வழங்கப்பெறும் இயக்க முறை, கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் உபயோகிக்கும் நிரல்களுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் அடிப்படை நிரலாகும். விசைப்பலகையில் தட்டுவதைப் பெறுதல், கோப்புகளை ஒழுங்காக வைத்தல், நினைவகத்தைப் பல நிரல்களுக்குப் பங்கிடுதல் ஆகியன அதன் கடமைகள். ஓர் இயக்க முறைக்கென எழுதப்பட்ட நிரல் மற்றொன்றில் பெரும்பாலும் அப்படியே இயங்குவதில்லை.

நம் நாட்டு அலுவலகங்களில் விண்டோஸ் பரவலாக உள்ளது. லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் ஃபின்லாந்தில் தொடங்கியது. அதன் மூல நிரல் யாவர்க்கும் வெளிப்படையாகக் கிடைப்பது. இதனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் ‘பாஸ்’ என்னும் இந்திய இயக்க முறையை வெளியிட்டது. கேரள மாநிலத்தில் 2001-இல் தொடங்கப்பெற்ற ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும், 2017 முதல் அதன் பணியை ஏற்றுள்ள ‘கைட்’ நிறுவனமும் பள்ளிகளில் லினக்ஸைப் பரப்பியுள்ளன.

அண்மையில் மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டன. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பை வேண்டுகிறது. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் அது இல்லை. இத்தகைய பொறியில் புதிய சிறு டிரைவ் ஒன்றைப் பொருத்தி, அன்றாட வேலைக்கும் இணையத்திற்கும் லினக்ஸை உபயோகிக்கலாம். பழைய விண்டோஸை இணையத் தொடர்பின்றி ஸ்கேனர் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கணிப்பொறி விழித்தெழும் முறை

செய்முறையை அறியுமுன், பொத்தானை அழுத்தியதும் நிகழ்வது யாது என்பதை அறிதல் அவசியம். மின்சாரம் பாய்ந்தவுடன் மையச் செயலிக்கு இயக்க முறை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்ட ஒரு சிறு நிரலே முதலில் இயங்குகிறது. அதற்கு ஃபர்ம்வேர் என்பது பெயர்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில் இந்நிரல் பயாஸ் எனப்பட்டது. வன்தட்டிலிருந்து எழும்போது பயாஸ் அத்தட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, அதிலுள்ள கட்டளைகளின்படி நடக்கும். அந்த 512-இல் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. தொடக்க நிரலுக்கு ஒரு தட்டில் ஓரிடமே இருந்தமையால், பின்னர் நிறுவப்படும் இயக்க முறை முன்னதன் தொடக்க நிரலை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிவிடுவது வழக்கமாயிற்று.

இக்காலக் கணிப்பொறிகளில் யூ.இ.எஃப்.ஐ. என்னும் ஃபர்ம்வேர் உள்ளது. இன்டெல் நிறுவனம் தொடங்கிய இம்முறை 2005 முதல் பல நிறுவனங்கள் கூடிய மன்றம் ஒன்றின் பொறுப்பில் வளர்ந்து வருகிறது. இதன்படி டிரைவில் இ.எஃப்.ஐ. பிரிவு என்னும் ஒரு சிறு பிரிவு ஒதுக்கப்படும். ஒவ்வோர் இயக்க முறையும் தன் தொடக்கக் கோப்பை அதில் தனக்கென ஓர் உறையில் வைக்கும். ‘இன்ன பெயருடைய இயக்க முறை, இன்ன டிரைவின், இன்ன கோப்பிலிருந்து தொடங்கும்’ என்னும் குறிப்பு தாய்ப்பலகையின் நினைவில் எழுதப்படும். ஆக, ஓர் இயக்க முறை எழுவதற்கு மூன்று தேவை: அதன் சொந்தப் பிரிவு, அதன் தொடக்கக் கோப்பு, தாய்ப்பலகையில் அதைப் பற்றிய குறிப்பு. இம்மூன்றும் எங்கெங்கே உள்ளன என்பதை அறிந்தவர்க்கு இனி வருவன யாவும் எளிதாக விளங்கும்.

தனி டிரைவினால் விளையும் நன்மை

ஒரே டிரைவைப் பிரித்து இரண்டு முறைகளையும் வைப்பது இயலாததன்று. ஆயின் அதற்கு ஏற்கெனவே நிறைந்துள்ள பிரிவைச் சுருக்க வேண்டும். சுருக்கும் நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டால் கோப்புகள் கெடக்கூடும். பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வரி தவறினால் பதிவேடு முழுவதும் அழியலாம். டிரைவ் பழுதானால் இரண்டு முறைகளும் ஒருங்கே போகும்.

தனி டிரைவில் இவ்விடர்கள் பெரிதும் குறைகின்றன. பழைய டிரைவைத் தொடவே வேண்டியதில்லை. ஒன்று பழுதானாலும் மற்றொன்றைக் கொண்டு பணியைத் தொடரலாம். லினக்ஸ் வேண்டாமெனின் அதன் டிரைவைக் கழற்றிவிட்டால் போதும்; கணிப்பொறி முன்னிருந்த நிலையை அடையும்.

இரு டிரைவ் இருந்தும் ஒன்றையொன்று சார்தல்

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இயக்க முறைகள் தனித்தனி டிரைவில் இருந்தால் அவை தனித்தனியே இயங்கும் என்று எண்ணுவது இயல்பு. அது எப்போதும் உண்மையாவதில்லை.

விண்டோஸை நிறுவும்போது, கணிப்பொறியிலுள்ள வேறொரு டிரைவில் ஏற்கெனவே ஓர் இ.எஃப்.ஐ. பிரிவு காணப்பட்டால், நிறுவு நிரல் தன் தொடக்கக் கோப்பை அங்கேயே வைத்துவிடக்கூடும். இயக்க முறை புதிய டிரைவில் இருக்கும். அதை எழுப்பும் கோப்போ பழைய டிரைவில் இருக்கும். லினக்ஸ் வகைகள் சிலவற்றின் நிறுவு நிரல்களும் இவ்வாறே முதல் டிரைவின் இ.எஃப்.ஐ. பிரிவில் எழுதிவிடுவதுண்டு. வீடு ஓரிடத்திலும் அதன் திறவுகோல் அடுத்த வீட்டிலும் இருப்பது போன்றது இந்நிலை. அடுத்த வீடு பூட்டப்படும் வரையில் குறை தெரியாது. சில ஆண்டுகள் கழித்துப் பழைய டிரைவ் பழுதாகும். அல்லது பயனற்றதென்று கழற்றப்படும். அன்று புதிய டிரைவிலுள்ள முறையும் எழாது போகும்.

இதனைத் தவிர்க்கும் வழி மிக எளியது. ஓர் இயக்க முறையை நிறுவும் நேரத்தில் மற்ற டிரைவ் கணிப்பொறியோடு இணைந்திருத்தலாகாது. இல்லாத டிரைவில் எந்த நிரலும் எழுத இயலாது.

செய்முறை

விண்டோஸ் உள்ள மேசைக் கணிப்பொறியில் லினக்ஸைச் சேர்ப்பதாகக் கொண்டு கீழ்வரும் முறை தரப்படுகிறது.

1. முக்கியமான கோப்புகள் யாவற்றையும் வெளி டிரைவ் ஒன்றில் பிரதி எடுக்க வேண்டும். எடுத்த பிரதியை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத பிரதியை நம்புதல் கூடாது.

2. விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்னும் பக்கத்தைத் திறந்து, ‘பயாஸ் மோட்’ என்னும் வரியில் யூ.இ.எஃப்.ஐ. என உள்ளதா, லெகசி என உள்ளதா என்று குறித்துக்கொள்க. புதிய முறையையும் அதே வகையில் நிறுவுவது பின்னர் குழப்பத்தைத் தவிர்க்கும்.

3. விண்டோஸ் டிரைவ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்க்க. பூட்டப்பட்டிருப்பின் அதற்குரிய 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். ஃபர்ம்வேர் அமைப்பில் மாறுதல் செய்தால் விண்டோஸ் இவ்வெண்ணைக் கேட்கக்கூடும். எண் இல்லையேல் கோப்புகளை மீட்க வழியில்லை.

4. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதியை நிறுத்திவிடுக. இவ்வசதி இருக்கையில் விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. தன் உட்பகுதியின் நிலையை டிரைவில் எழுதிவிட்டு அரை உறக்கத்தில் கிடக்கிறது. அவ்வேளையில் லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுதினால் கோப்பு அமைப்புக் கெட இடமுண்டு.

5. லினக்ஸ் நிறுவு கோப்பை அதனை வெளியிடுவோரின் இடத்திலிருந்தே பெற்று, சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பென்டிரைவில் ஏற்றிக்கொள்க. பெரும்பாலான லினக்ஸ் வகைகளை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். திரை, ஒலி, இணையம், அச்சுப்பொறி ஆகியன ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று முதலில் கண்டுகொள்வது நலம்.

6. கணிப்பொறியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் உறுப்புகளைக் கெடுக்கும். ஆதலின் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கை வைக்கவும். விண்டோஸ் டிரைவின் கம்பிகளைக் கழற்றி, புதிய டிரைவை மட்டும் இணைக்கவும். தாய்ப்பலகையிலேயே செருகப்படும் எம்.2 வகையாயின் அதனைக் கழற்றி எடுத்து வைக்க வேண்டும்.

7. பென்டிரைவிலிருந்து கணிப்பொறியை எழுப்பி லினக்ஸை நிறுவுக. ஒரே டிரைவ் மட்டும் தெரிவதால் டிரைவ் மாறிப்போகும் அச்சம் இல்லை. நிறுவு நிரல் டிரைவையே காணவில்லையெனின், ஃபர்ம்வேரில் சேமிப்புக் கட்டுப்பாடு ‘ரெய்ட்’ அல்லது ‘ஆர்.எஸ்.டி.’ என அமைந்துள்ளதா என்று நோக்குக. அதனை முன்யோசனையின்றி மாற்றினால் விண்டோஸ் எழாது போகலாம். ஆகவே அறிந்தோர் துணையுடன் மாற்றுவதே தக்கது.

8. லினக்ஸ் தனியே எழுவதைக் கண்ட பின்னர், மின்சாரத்தைத் துண்டித்து விண்டோஸ் டிரைவை மீண்டும் இணைக்கவும்.

அன்றாடம் எந்த முறை தேவையோ அதனை ஃபர்ம்வேரின் தொடக்கப் பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். பொத்தானை அழுத்தியவுடன் டெல், லெனோவோ கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் எஃப்12 விசையும், எச்.பி. கணிப்பொறிகளில் எஃப்9 விசையும் இப்பட்டியலைத் திறக்கும். மிகுதியாக உபயோகிக்கும் முறையை முதலாவதாக அமைத்துவிட்டால், மற்றது வேண்டும்போது மட்டும் விசையைத் தொட்டால் போதும். லினக்ஸின் ‘கிரப்’ என்னும் பட்டியலிலும் விண்டோஸைச் சேர்க்கலாம்; ஆயினும் அவ்வழியே எழுப்பும்போது, பிட்லாக்கர் தொடக்க முறை மாறியதாகக் கருதி மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். ஃபர்ம்வேர்ப் பட்டியலே தூய வழி.

தனித்தன்மையைச் சோதித்தல்

நிறுவுதல் முடிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. கணிப்பொறியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, விண்டோஸ் டிரைவை மட்டும் கழற்றிவிட்டு எழுப்பிப் பார்க்க வேண்டும். பின்னர் அதனை இணைத்து, லினக்ஸ் டிரைவைக் கழற்றிவிட்டு எழுப்ப வேண்டும். இரு முறையும் எழுந்தால் மட்டுமே அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொள்ளலாம். வேறொருவர் முன்னரே அமைத்துக் கொடுத்த கணிப்பொறியிலும் இச்சோதனையைச் செய்துவிடுவது நன்று. குறை இருப்பின், இரு டிரைவும் நல்ல நிலையில் உள்ளபோதே அது தெரியவரும், சீர்செய்தலும் எளிது.

இச்சோதனை வகுப்பிற்கும் ஏற்றது. எந்த டிரைவைக் கழற்றினால் எது எழும், எது எழாது என்று மாணாக்கரை முதலில் எழுதச் செய்து, பின்னர் செய்து காட்டலாம். பதிவேடுகள் இல்லாத பழைய கணிப்பொறியையே இதற்கு உபயோகிக்க வேண்டும்.

இன்னும் பொதுவாக இருப்பவை

டிரைவ்கள் தனித்தனியே ஆயினும் கணிப்பொறி ஒன்றே. ஆகையால் சில உறுப்புகள் இரு முறைகளுக்கும் பொதுவாகவே இருக்கும்.

முதலாவது கடிகாரம். தாய்ப்பலகையில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் அதனை உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. எனவே லினக்ஸ் கடிகாரத்தைத் திருத்திய பின் விண்டோஸ் எழுந்தால் அது ஐந்தரை மணி பிந்திய நேரத்தைக் காட்டும். விண்டோஸ் திருத்திய பின் லினக்ஸ் எழுந்தால் ஐந்தரை மணி முந்திய நேரத்தைக் காட்டும். இணையம் உள்ள இடத்தில் இப்பிழை சிறிது நேரத்தில் தானாகத் திருந்திவிடும். இணையம் எட்டாத களத்தில் திருந்தாது. மழை அளவையோ நீர்மட்டத்தையோ பதிவு செய்வோர் காலை 8.30 மணி அளவை, கணிப்பொறி காட்டும் பிழையான நேரமாகிய 3.00 மணியின் பெயரில் பதிந்துவிட நேரும். லினக்ஸில் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளுமாறு ‘டைம்டேட்சிடிஎல்’ என்னும் கட்டளையால் அமைத்துவிட்டால் இக்குறை நீங்கும்.

இரண்டாவது, தாய்ப்பலகையின் நினைவு. 2024 ஆகஸ்டு 13-இல் வெளியான விண்டோஸ் திருத்தம் ஒன்று, பாதுகாப்புக் குறையுள்ள பழைய தொடக்க நிரல்களைத் தடுக்கும் குறிப்பை இந்நினைவில் எழுதியது. ‘செக்யூர் பூட்’ இயங்கிய கணிப்பொறிகள் பலவற்றில் அதன் விளைவாக லினக்ஸ் எழவில்லை. லினக்ஸின் டிரைவை அத்திருத்தம் தொடவே இல்லை; எனினும் குறிப்பு பொது இடத்தில் இருந்தமையால் தடை நேர்ந்தது. தனி டிரைவ் கோப்புகளைக் காத்தது, தொடக்கத்தைக் காக்கவில்லை. இரு முறைகளையும் அவ்வப்போது புதுப்பித்து வருவதும், தேர்வு அல்லது களப்பயணத்திற்கு முந்திய நாளில் பெரிய திருத்தங்களை ஏற்றாதிருப்பதும் இதற்குரிய தற்காப்பு.

மூன்றாவது, பொதுக் கோப்புகள். லினக்ஸ் வழக்கமாக உபயோகிக்கும் ‘எக்ஸ்ட்4’ அமைப்பை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை. அறியாத டிரைவைக் கண்டு, ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் சில வேளைகளில் கேட்கும். ‘ஆம்’ என்று அழுத்தினால் லினக்ஸ் அழியும். இவ்வெச்சரிக்கையைக் கணிப்பொறியின் மீது ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைப்பது மிகையாகாது. விண்டோஸின் ‘என்.டி.எஃப்.எஸ்.’ அமைப்பை லினக்ஸ் படிக்கவும் எழுதவும் வல்லது. ஆதலின் இரு முறைகளுக்கும் பொதுவான கோப்புகளுக்கு அவ்வமைப்பில் ஒரு பிரிவை ஒதுக்கலாம். ‘எக்ஸ்ஃபேட்’ அமைப்பும் இரண்டிற்கும் பொது. ஆயின் எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் நிலையை மீட்டுக்கொள்ள உதவும் குறிப்பேடு அதில் இல்லாமையால், மின்தடை மிகுந்த ஊர்களில் அதனைப் பென்டிரைவோடு நிறுத்திக்கொள்வது நலம். தமிழ்க் கோப்புகள் யூனிகோட் முறையில் இருப்பின் இரண்டிலும் சரியாகத் தெரியும். பழைய தனி எழுத்துருக்களில் தட்டியவை, அந்த எழுத்துரு இல்லாத முறையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

மடிக்கணிப்பொறியாயின்

மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் ஒரே ஒரு டிரைவுக்குத்தான் இடமுண்டு. அவற்றில் யு.எஸ்.பி. வழி இணையும் வெளி எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸை நிறுவலாம். வெளி டிரைவிலிருந்து இயங்கும் ‘விண்டோஸ் டு கோ’ வசதி 2020-இல் நீக்கப்பட்டமையால், வெளியே வைப்பதற்கு லினக்ஸே ஏற்றது. இங்கும் உள் டிரைவைக் கழற்றிவிட்டே நிறுவுதல் முறை. கழற்ற இயலாத அமைப்பாயின், ஃபர்ம்வேரில் அதனை நிறுத்தி வைக்க வழியுண்டா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையெனின், தொடக்கக் கோப்பு எந்த டிரைவில் எழுதப்படும் என்பதை நிறுவு நிரலில் உறுதி செய்த பின்னரே மேற்செல்ல வேண்டும். டிரைவை அடையாளம் காண அதன் வகைப்பெயரையும் கொள்ளளவையும் நோக்குக. லினக்ஸ் தரும் ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்னும் பெயர்கள் ஒவ்வொரு முறை எழும்போதும் மாறக்கூடியவை.

இரு முறைகளும் ஒரே நேரத்தில் தேவைப்படுவோர்க்கு இவ்வேற்பாடு உதவாது. ஒன்றினுள் மற்றொன்றை இயக்கும் மெய்நிகர்ப் பொறி முறையே அவர்க்கு ஏற்றது. அதற்கு நினைவகம் மிகுதியாக வேண்டும்.

முடிவாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு டிரைவ்கள் உள்ளமையால் பதிவேட்டிற்கு இரண்டு பிரதிகள் உள்ளன என்று பொருளாகாது. இடி விழுந்தாலும், திருட்டு நேர்ந்தாலும், ஒரே பெட்டியிலுள்ள இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே பதிவேட்டின் மூன்றாவது பிரதி ஒன்று வேறோர் அறையின் பூட்டிய அலமாரியில் இருத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை அதனைப் புதுப்பித்து, புதுப்பித்த தேதியை அதன் மேல் எழுதி வைக்க வேண்டும்.